சாவியை எடுத்துடாதீங்க

கடுகுக்கீரைக்கு மலாய் மொழியில் சாவி என்று பெயர். கேமரன் மலையில் அதைப் பயிரிடும் நாங்களும் அப்படியே சொல்கிறோம். பூட்டைத் திறப்பதும் சாவிதான். ஒரே வீட்டில் இரண்டு சாவிகளை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் பிழைத்ததே பெரிய விஷயம்.

திரிங்காப்பில், தேயிலைச் சரிவுக்குக் கீழே எங்கள் தோட்டம். பாத்திகளுக்கு மேல் போட்ட பிளாஸ்டிக் கூரை கந்தலாகிவிட்டது. மழை பெய்தால் கீரை அழுகும். புதுக் கூரைக்கு அரசாங்க மானியம் கேட்டிருந்தோம். பயிர் பாத்தியில் நிற்பதை அதிகாரி கண்ணால் பார்த்தால்தான் கொடுப்பார்கள்; மனு எழுதிய எனக்குத்தான் அது தெரியும்.

நாளைக் காலையில் வருகிறேன் என்று அதிகாரி என்னை அழைத்தபோது, நான் கோலா தெர்லாவில் தங்கை வீட்டில் இருந்தேன். உடனே என் கணவருக்குச் செய்தி அனுப்பினேன்: "நாளைக்கு ஆபீசர் வராங்க. சாவிய எடுத்துடாதீங்க."

நாற்றுக் கொட்டகைச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவது இவர் வழக்கம். அந்த வாரமே மூன்று முறை அதற்காகக் கத்தியிருந்தேன்.

மறுநாள் நான் தோட்டத்துக்குள் நுழையவும் அதிகாரியின் வண்டி வரவும் சரியாக இருந்தது. இளம் மலாய்ப் பெண். பாத்திகளைப் பார்த்தாள். எல்லாம் மொட்டை.

"மானா சாவி?" என்றாள். எங்கே சாவி?

கணவரைப் போனில் பிடித்தேன். "ஏங்க, சாவி எங்க?"

"ஆணியிலதான் தொங்குது. நீ சொன்ன மாதிரியே எடுக்கல லா!" குரலில் அப்படியொரு பெருமை. "ஆபீசர் வர்றப்ப தோட்டம் சுத்தமா இருக்கட்டுமேன்னு கீரைய எல்லாம் வெட்டி லோரில ஏத்திட்டேன். பிரிஞ்சாங் டவுனுக்கு வந்துட்டேன்."

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அன்றுதான் மனுஷர் என் பேச்சைக் கேட்டிருந்தார்!

அழுகை வரும் என்று நினைத்தேன். சிரிப்புத்தான் பொத்துக்கொண்டு வந்தது. ஆணியிலிருந்து சாவியை எடுத்து ஆட்டிக் காட்டி, தமிழில் இதற்கும் சாவி என்றுதான் பேர் என்று மலாயில் விளக்கினேன். அதிகாரி கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் வெறும் மண்ணைப் படம் எடுத்து அனுப்ப முடியாதாம். இன்னும் இரண்டு தோட்டம் பார்த்துவிட்டு மத்தியானம் வருவாளாம். அதற்குள் பாத்தியில் பயிர் இருக்க வேண்டும்.

கையிலிருந்த சாவியைப் பார்த்தேன். கொட்டகைக்கு ஓடித் திறந்தேன். அடுத்த நடவுக்கான கீரை நாற்று, தட்டு தட்டாக நின்றது. வழக்கம்போல இவர் சாவியைக் கொண்டுபோயிருந்தால் அதையும் பார்த்திருக்க முடியாது.

போனில் விஷயத்தைச் சொன்னதும் இவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "திட்டுறதுன்னா நட்டுக்கிட்டே திட்டு. நேரமாவுது."

எங்கே திட்டுவது? சிரித்துச் சிரித்து விலா வலித்தது. மத்தியானம் அதிகாரி வந்தபோது எங்கள் முகமெல்லாம் சேறு, பாத்தியெல்லாம் விரல் நீளப் பச்சை. எங்களையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

மானியம் வந்தது. புதுக் கூரை போட்ட பிறகு அடித்த முதல் பெருமழையில், ஒரு சொட்டுகூட விழாத பாத்தியில் இவர் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். அன்று நட்ட அதே கீரை, முழங்கால் உயரம். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

மழைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டார்: "சாவிய எடுக்கலாமா?"

ஆணியில் தொங்கியதை எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டு, "இப்ப எடுங்க லா!" என்றேன்.