செத்தவீட்டு வாசலில் நின்ற கார்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஆங்கில நாட்டில், மோர்டன் என்ற இடத்தில், எங்களுக்குத் தெரிந்த ஒருவர் இறந்துவிட்டார். கணவர் ஷிப்டில் இருந்ததால், இரண்டு வயது மகனையும் காரில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். சின்னப் பிள்ளைகளைச் செத்தவீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவன் பின் சீற்றில் நித்திரை. ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாமென்று காரைப் பூட்டிவிட்டு உள்ளே போனேன்.

இறந்தவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உதறிவிட்டு எழும்ப முடியவில்லை. அரைமணி நேரம் போயிருக்கும்.

"ஆற்றயோ காருக்குள்ள பிள்ளை அழுகுது, பொலிஸ் வந்து நிக்குது" என்று யாரோ வந்து சொன்னார்கள்.

வெளியே நல்ல வெயில். கார்க் கண்ணாடியை உடைத்திருந்தார்கள். மகன் வியர்வையில் நனைந்து பொலிஸ்காரியின் தோளில் கிடந்தான். இத்தனை வயது வரை தனியே விடக்கூடாது என்று சட்டத்தில் கணக்கில்லை, பிள்ளைக்கு ஆபத்து வரும்படி தனியே விட்டாலே குற்றம், சிறைக்கும் போகலாம் என்றார் அந்தப் பொலிஸ்காரி. ஏன் விட்டாய் என்று கேட்டார். செத்தவீடு அவனுக்குக் கூடாது என்றுதான் விட்டேன் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

எச்சரிக்கையோடு விட்டார்கள். பிறகு கவுன்சிலின் சிறுவர் நலப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, அவன் படுக்கும் கட்டிலைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

போன மாதம் இன்னொரு செத்தவீடு. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

"பிள்ளையை ஏன் கொண்டுவந்தனீர்?" என்று ஓர் அன்ரி கேட்டார்.

"வெளியில விட ஏலாது, அன்ரி."

அவர் தள்ளி இருந்து, எங்கள் இருவருக்கும் இடம் விட்டார். அன்றைக்கும் அவனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் இவ்வளவுதான் நடந்திருக்கும்.