பதினோரு பேருக்குப் பன்னிரண்டு பை

சுற்றுலா வழிகாட்டி என்பவன் கடைக்காரனிடமும் சொந்த ஊர்க்காரர்களிடமும் ஒரே நாளில் திட்டு வாங்குகிறவன். கூட்டம் சேர்த்துப் பிழைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரியலூர் சுண்ணாம்புச் சுரங்க வாசலில் தொழிற்சங்கத் தலைவனாக இருபது வருடம் கோஷம் போட்டேன். படிப்பெல்லாம் துண்டறிக்கைதான். இப்போது பெரம்பலூர் டிராவல்ஸ் ஒன்றுக்காக மலேசியாவுக்கு ஆள் கூட்டிப் போகிறேன்.

திரும்பிப் பார்க்காதே

வெளிநாட்டில் தனியாகப் பேரம் பேசினால் தோல்விதான். எல்லோரும் ஒரே கடையில் ஒரே பொருளைக் கேளுங்கள். பாதி விலை சொல்லுங்கள். மறுத்தால் மொத்தமாக வெளியே நடங்கள். திரும்பிப் பார்த்தால் ஆசை தெரிந்துவிடும். சுரங்க வாசலில் நான் வகுத்த விதி இது. அங்கே வெளியே நடந்தபோது யாரும் எங்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. கோலாலம்பூரில் பத்தடி தாண்டுமுன் கூப்பிட்டார்கள்.

என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். கடைக்காரர் பன்னிரண்டு பை எடுத்து வைத்தார். ஒன்று அதிகம் என்றேன்.

“கடைசியா ஒருத்தர் நடந்து போனாரே, அவருக்கும் சேத்துத்தாண்ணே.”

வாசலில் நின்றவர்

அந்தப் பையை எங்கள் கூட்டத்தில் வந்த அரும்பாவூர் செல்லம்மா வாங்கிக்கொண்டார். அவர் கணவர் வேலு எங்கள் சுரங்கத்து ஆள். வேலைநிறுத்தத்தின்போது, “நான் கூப்பிடாம யாரும் உள்ள போகக் கூடாது” என்று உத்தரவிட்டிருந்தேன். கடைசியில் சமரசத்தில் எல்லோரையும் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், வேலுவைத் தவிர. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். வேலு மலேசியாவுக்குப் போனார். பதினோரு வருடமாகத் தகவல் இல்லை. இந்தப் பயணத்திலும் தெரியாவிட்டால் காரியம் செய்துவிடலாம் என்று கொழுந்தன்மார் முடிவு செய்திருந்தார்கள்.

பினாங்கில் மழை. துணிக்கடை அம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அங்கே ஈரப் படிதான் தெரிந்தது.

“உங்க ஆளுதானே? காலெல்லாம் மாவு அப்பின மாதிரி வெள்ளையா இருக்கு. உள்ள வாங்கன்னா, ‘தோழர் கூப்பிட்டாத்தான் வருவேன்’ங்கிறாரு.”

நான் கூப்பிடவில்லை.

கடைசிக் கடை

மறுநாள் கைலிக் கடை. செல்லம்மா பாதி விலைக்கு ஒரு கைலி கேட்டார்; கடைக்காரர் மறுத்தார்; நடந்தோம். எங்கள் செருப்புச் சத்தத்துக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, இன்னொரு செருப்பு இழுபட்டு வந்தது. “வாங்க, அதே விலைக்குத் தர்றேன்!” என்று கடைக்காரர் கூப்பிட்டார். செல்லம்மாவைத் தவிர மற்றவர்கள் திரும்பினார்கள். விதி வகுத்த நானும் கழுத்தைத் திருப்பப் போனேன். செல்லம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, கைலியை விட்டுவிட்டு, பஸ்ஸை நோக்கி நடந்தார்.

“திரும்பாதீங்கண்ணே. பாத்துட்டா இல்லன்னு ஆயிடும். பாக்காத வரைக்கும் வர்றாருல்ல?”

ஆக, வெளிநாட்டில் பாதி விலைக்கு வாங்க விரும்புகிறவர்கள் மொத்தமாகக் கேளுங்கள், மொத்தமாக நடங்கள், பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள்.