கிணற்றடிச் செவ்வந்தி

திருச்சுழி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தால் எங்கள் ஊர். பாதி வழியில் மூக்கம்மாளின் கிணறு. எனக்கு அவள் மதினி முறை. சுற்றிலும் வானம் பார்த்த கரிசல், கிணற்றடியில் மட்டும் பத்து சென்ட் செவல் மண். அதன் நடுவேதான் ஊர்ப்பாதை. பாதைக்கு இரண்டு பக்கமும் அவளுடைய செவ்வந்திப் பாத்திகள். மார்கழியில் அந்த வழியே வருகிறவன் எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சியாக இருந்தாலும் இரண்டு நிமிஷம் நிற்பான். நானும் நின்றிருக்கிறேன்.

செவ்வந்தி ஒரு தடவை பூத்து ஓய்கிற செடி அல்ல. பூ முடிந்ததும் தண்டை வெட்டிவிட்டுத் தூரைக் காப்பாற்ற வேண்டும். சித்திரையில் கிணறு அடி தட்டிவிடும். மூக்கம்மாள் சேறும் நீருமாக மொண்டு தூருக்கு ஒரு செம்பு ஊற்றுவாள். ஆனியில் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடுவாள். அருப்புக்கோட்டையில் பூக்கடை பொன்ராஜ் அவள் கூடைக்காகக் காத்திருப்பார். மகள் தங்கலட்சுமியைப் படிக்க வைத்ததே அந்தப் பூதான்.

கிணற்றடி ஈரத்துக்குத் தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும். 1984இல் அவள் புருஷன் செல்லப்பாண்டி அண்ணனை அங்கேதான் கடித்தது. கையில் பேட்டரி லைட் இருந்தும் கடித்தது. ஒரே ராத்திரியில் போய்விட்டார். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே வெறி, அந்த இடத்துக்கு விளக்கு வேண்டும். நான்கு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக நின்று, ஏச்சு வாங்கி, 1988 ஆவணியில் கம்பம் நட வைத்தாள். பெரிய மெர்க்குரி விளக்கு. "கேட்டு வாங்குனவ நீயே போட்டு அமத்து தாயி" என்று பிரசிடெண்ட் ராமசுப்பு சுவிட்சையும் அவள் பொறுப்பிலேயே விட்டார். பொழுது சாய்ந்தால் போடுவாள், விடிந்தால் அணைப்பாள். ஒரு நாள் தவறியதில்லை.

அந்த வருஷம் செவ்வந்தி பூக்கவில்லை.

செடி இடுப்புயரம் வளர்ந்து பச்சைப் பசேலென்று நின்றது. மொட்டுதான் இல்லை. எரு போதாது என்றோம், மறு வருஷம் எரு போட்டாள். கன்று பழசு என்றோம், புதுக் கன்று வாங்கி நட்டாள். தாலி அறுத்தவள் கை பட்டால் பூ எங்கே வரும் என்றாள் ஒருத்தி. அவள் தாலி அறுத்த பிறகும் நான்கு வருஷம் பூத்த செடி அது என்பது எந்த நாக்குக்கும் நினைவில்லை. மூக்கம்மாள் அதையும் நம்பி, ஒரு வருஷம் செடியைத் தொடாமல் ஆள் விட்டுப் பார்த்தாள்.

பூ இல்லாத வீட்டில் பள்ளிக்கூடம் ஏது? தங்கலட்சுமி பத்தாவதோடு நின்று அருப்புக்கோட்டையில் விசைத்தறி வேலைக்குப் போனாள். ராத்திரி ஏழு மணி பஸ்ஸில் இறங்கித் தனியே நடந்து வருவாள்.

1993 புரட்டாசியில் மூக்கம்மாள் ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு திருச்சுழி விவசாய ஆபீசுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அதிகாரி செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பக்கத்துல ராத்திரி லைட்டு எரியுதாம்மா?"

"எரியுதுங்க சார். நாந்தான் கேட்டு வாங்குனேன்."

"அதான். செவ்வந்திக்கு ராத்திரி நீளமா, நல்ல இருட்டா இருக்கணும். அப்பத்தான் மொட்டு வைக்கும். ரெண்டு மாசம் லைட்ட அணைச்சு வைங்க, பூத்துரும்."

ஐந்து வருஷக் கேள்விக்கு அரை நிமிஷத்தில் பதில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் அழவில்லை.

கிணற்றடிக்குத் திரும்பும்போது இருட்டிக்கொண்டு வந்தது. அவள் கம்பத்தடியில் சுவிட்சுக்கு நேரே போய் நின்றாள்.

"போடாதீக மதினி, ரெண்டு மாசந்தான" என்றேன்.

"ஒங்கண்ணன் போறதுக்கு ஒரு ராத்திரி போதுமா இருந்துச்சு."

ரோட்டில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பாதையிலிருந்து தங்கலட்சுமி கூப்பிட்டாள். "யம்மா, லைட்டு போடலையா? தடமே தெரியலம்மா."

"அங்கனயே நில்லு தாயி, கால எடுத்து வைக்காத" என்று கத்திக்கொண்டே மூக்கம்மாள் சுவிட்சைப் போட்டாள். மகள் வந்து சேர்வதற்குள் குனிந்து முதல் செவ்வந்தித் தூரைப் பிடுங்கியிருந்தாள்.