சவுண்ட் பொக்ஸ் போகும் வழி

பன்வில பக்கம் ஒரு வளைவில் த்ரீவீலர் புரண்டதிலிருந்து நான் சக்கர நாற்காலியில்தான் போய்வருகிறேன். வத்தேகமயில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், சமைக்கிறேன், தேவைப்பட்டால் சண்டையும் பிடிக்கிறேன். விட்டுப்போனவற்றில் என்னை உண்மையாக வாட்டியது நேரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதுதான். போனில் கேட்கிற பாட்டு காதோடு நின்றுவிடுகிறது. எனக்கு ட்ரம்ஸ் நெஞ்சில் வந்து இடிக்க வேண்டும்.

கண்டியில் பழைய சினிமாப் பாட்டுகளுக்கு ஒரு கச்சேரி என்று என் தங்கச்சி செய்தி கொண்டுவந்தாள். டிக்கட் எடுக்குமுன் ஏற்பாட்டாளருக்கு நானே போன் எடுத்தேன்.

"தம்பி, நான் வீல்செயார்ல வருவேன். உள்ளுக்கு வர வசதி இருக்கா?"

"ஐயோ அக்கா, எல்லா வசதியும் இருக்கு. யோசிக்காம வாங்க."

"படி இருக்கா?"

"படியும் இருக்கு அக்கா."

"படி வேணாம் தம்பி. ரேம்ப் இருக்கான்னு கேக்குறேன்."

"இருக்கே! பெரிய ரேம்ப். லொறி வந்து நின்னா சாமானெல்லாம் அதுலதான் ஏத்துறோம்."

அந்த லொறியிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். பாட்டு ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நானும் தங்கச்சியும் போய் இறங்கினோம். மண்டபத்து வாசலுக்கு ஏறப் படிகள். வாசலைத் தாண்டினால் கதிரைகள் இருக்கும் பள்ளத்துக்கு இறங்கவும் படிகள். கட்டியவருக்குப் படி என்றால் உயிர் போலிருக்கிறது. காவலாளி என்னையும் படிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பொட்டக் இன்ன மிஸ்" என்றார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர், கோட் போட்ட ஏற்பாட்டாளரோடு திரும்பி வந்தார்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல அக்கா. நாலஞ்சு பேரா சேந்து தூக்கிருவோம்."

எனக்குத் தூக்கல் அனுபவம் உண்டு. ஒரு கல்யாண வீட்டில் அப்படித்தான் தூக்கினார்கள். நாற்காலியின் கைப்பிடி கழன்று ஒருவர் கையோடு போனது. நான் சரிந்து தொங்க, அவர் மட்டும் கைப்பிடியைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டார்.

"தூக்க வேணாம் தம்பி. ரேம்ப் எங்க?"

மண்டபத்தைச் சுற்றி, ஜெனரேட்டரையும் எச்சில் சோற்றுப் பார்சல்களையும் தாண்டிப் பின்பக்கம் கூட்டிப்போனார். உண்மைதான், அருமையான சாய்தளம். சறுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி. சுகமாக ஏறினேன். ஏறி முடித்ததும் திரைச்சீலை தெரிந்தது. மேடைக்கு வந்திருந்தேன்.

"இங்க இருந்து எங்க சீட்டுக்கு எப்படிப் போறது?"

"அதுக்குப் படிதான் அக்கா. இது சவுண்ட் பொக்ஸ் ஏத்துற வழி."

காசு கொடுத்து வந்தவளுக்கு இல்லாத வழி ஸ்பீக்கர் பெட்டிக்கு இருந்தது. பெட்டி கீழே விழுந்தால் உடைந்துவிடும் அல்லவா?

மேடை ஓரத்தில் இரண்டு பேருக்கு இடம் போதாது என்று தங்கச்சியைக் கீழே அனுப்பிவிட்டார்கள். என்னை ட்ரம்ஸ்காரருக்குப் பக்கத்தில், பக்கத் திரையின் மறைவில் நிறுத்தினார்கள். கச்சேரி தொடங்கியது. ட்ரம்ஸ் நெஞ்சில் இடிக்கத்தான் செய்தது. வேறு எதையும் உள்ளே விடவில்லை. பாடகியின் முதுகு தெரிந்தது, சேலையில் குத்தியிருந்த ஊசிகள் தெரிந்தன. குரல் மட்டும் ஜனங்கள் இருந்த பக்கம் போய்விட்டது. தங்கச்சி போனில் கேட்டு அனுப்பினாள்: "பாட்டு எப்பிடிக்கா?" நான் பதில் போட்டேன்: "எந்தப் பாட்டு?"

இடைவேளையில் கலைஞர்களைக் கௌரவிக்கப் பிரதம விருந்தினர் மேடை ஏறினார். கொண்டுவந்த பொன்னாடைகளில் ஒன்று மிஞ்சிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தவரின் கண்ணில் நான் பட்டேன். அறிவிப்பாளர் கெட்டிக்காரர். கண் மூடித் திறக்குமுன் என்னை வெளிச்சத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து, "தன்னம்பிக்கையின் சிகரம்!" என்று முழங்கினார். எதில் தன்னம்பிக்கை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பொன்னாடை விழுந்தது. மைக்கைக் கையில் திணித்தார்கள்.

"நான் ஒண்ணுமே சாதிக்கல. பாட்டுக் கேக்க வந்தேன். அவ்வளவுதான்" என்றேன்.

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். பிரதம விருந்தினர் தலையை ஆட்டி, "என்ன ஒரு தன்னடக்கம், பாருங்கள்!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அடக்கம் இல்லங்க" என்றேன். "இந்த ஹோல்ல என்னால வர முடிஞ்ச ஒரே இடம் இந்த மேடைதான். என்னோட சீட்டு கீழ சும்மா கிடக்கு. அங்க போக வழி இல்லாததாலதான் உங்க முன்னுக்கு நிக்குறேன். அதுக்கு எதுக்குக் கைதட்டுறீங்க?"

பின்னால் ட்ரம்ஸ்காரர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். ஏற்பாட்டாளர் மைக்கை வாங்கிக்கொண்டு, தேநீர் தயாராக இருக்கிறது என்று அறிவித்தார். தேநீரும் படிக்கு மேலேதான்.

பிறகு கொஞ்சம் பயந்துவிட்டார்கள் போல. மேடையின் முன் ஓரத்தில், குரல் கேட்கிற இடத்தில் என்னை விட்டார்கள். தங்கச்சியும் மேலே வந்து ஒரு வெறும் பெட்டியில் குந்திக்கொண்டாள். மண்டபமே பார்க்கும்போது மூக்கைச் சொறியக்கூட முடியவில்லை. ஆனாலும் பாடகி ஒரு பாட்டை மெதுவாகத் தொடங்கியபோது எனக்கு எல்லாம் மறந்துபோனது. தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுதாள். நான் அழவில்லை. அழுதிருந்தால் இன்னொரு பொன்னாடை வந்திருக்கும்.

சில மாதம் கழித்து அந்த ஏற்பாட்டாளரே போன் எடுத்தார். "அக்கா, உங்களுக்காகவே வாசல்லயிருந்து சீட்டு வரைக்கும் பலகையில ரேம்ப் போட்டாச்சு." போனோம். போட்டுத்தான் இருந்தார்கள். அதன் நடுவில், அனுசரணை தந்த கம்பெனியின் புது மோட்டார் சைக்கிள் ஒன்று மாலை போட்டு நிறுத்தியிருந்தது. காட்சிக்கு அதைவிட எடுப்பான இடம் இல்லையாம். சாவி வைத்திருந்தவர் பலகாரம் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து வண்டியை எடுப்பதற்குள் உள்ளே இரண்டு பாட்டு முடிந்துவிட்டது.

கடைசியில் ஜனங்களோடு ஜனமாகக் கீழே போய்ச் சேர்ந்தேன். மூன்றாவது பாட்டு தொடங்கியதும் எனக்கு முன்வரிசையில் இருந்தவர் எழும்பி ஆடத் தொடங்கினார். அவருடைய முதுகைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"உக்காருங்கய்யா! மறைக்குது!" என்று கத்தினேன்.

"எல்லாரும் எழும்பிட்டாங்க. நீங்களும் எழும்பிப் பாருங்களேன்" என்று கோபமாகத் திரும்பியவர், அப்போதுதான் கீழே பார்த்தார். சட்டென்று உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தவரின் சட்டையையும் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.