வாய்தாவுக்கு வராததன் காரணம்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோட்டை மறித்த வாரத்தில் என் அண்ணனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவர் மரம் வெட்டவில்லை, கல் எறியவில்லை. கச்சிராயபாளையம் ரோட்டில் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் சாதிக்குப் பங்கு கொடுத்தால் தனக்கும் ஒரு சர்க்கார் வேலை கிடைக்கும் என்று நம்பினார். ஜாமீனில் வெளியே வந்தபோது வேலை இல்லை, வழக்கு இருந்தது.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். அண்ணன் வழக்கையும் அந்த வக்கீலே பார்த்தார்.

சில மாதத்தில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. பஸ்ஸில் அரை நாள் தூரத்தில், கூரைக்குப் போடும் சிமெண்ட் ஷீட் செய்கிற கம்பெனி. கான்ட்ராக்டர் மூலமாக எடுத்தார்கள். அங்கேயே தங்கி, அண்ணியும் தங்கை நானும் இருந்த வீட்டுக்கு வாரம் ஒருமுறை வந்து போவார். மூட்டையைக் கத்தியால் கிழித்து, உள்ளே இருக்கும் கல்நாரை மிஷினில் கொட்ட வேண்டும். கல்நார் என்பது பாறையிலிருந்து எடுக்கிற நார், ஆஸ்பெஸ்டாஸ்.

"பஞ்சு மாதிரி பறந்துக்கினே இருக்கும். மூக்குல துண்டு கட்டிக்குவோம்" என்றார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வேலை கிடைத்ததே என்றிருந்தது.

வாய்தா நாளில் கம்பெனி லீவு தராது. ஒவ்வொரு தடவையும், வர முடியாத காரணத்தைச் சொல்லி மனு போட வேண்டும். ஒருமுறை மாஜிஸ்திரேட் அதற்கு ஆதாரம் கேட்டார். அண்ணன் மேனேஜரைக் கெஞ்சி ஒரு கடிதம் வாங்கி வந்தார். இவர் எங்கள் தொழிற்சாலையின் கலவைப் பிரிவில் பணிபுரிகிறார், உற்பத்தி அவசரத்தால் விடுப்பு தர இயலவில்லை என்று கம்பெனி பெயர் அச்சிட்ட தாளில் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. அதை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு சேர்த்துவிட்டு, அசலை ஆபீஸில் அவர் வழக்குக் கட்டோடு சேர்த்து வைத்தேன். பிற்பாடு அந்த வழக்கு தள்ளுபடியானது.

பதினான்கு வருஷம் அங்கே மூட்டை கிழித்தார். இருமல் வந்தது. டிபி என்றார்கள். இரண்டு முறை மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டார், குறையவில்லை. சுமையோடு வெள்ளிமலை வரை ஏறி இறங்கிய மனிதர், வீட்டுக்கும் தெருக்குழாய்க்கும் நடுவே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். கம்பெனி வரவேண்டாம் என்றுவிட்டது.

கடைசியில் சென்னையில் ஒரு டாக்டரம்மாதான் "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். அதுவரை எந்த டாக்டரும் அதைக் கேட்டதில்லை.

"இது டிபி இல்ல. அந்த நார் நுரையீரல்ல போய்த் தங்கிடுச்சு. இருபது, முப்பது வருஷம் கழிச்சுக்கூட வேலையக் காட்டும். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஆனா சட்டப்படி இது தொழில்நோய். நீங்க நஷ்டஈடு கேக்கலாம்."

கேட்டோம். தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் முன் மனு போட்டார் வக்கீல். இந்தப் பெயரில் எவரும் எங்களிடம் வேலை பார்க்கவில்லை என்று கம்பெனி பதில் போட்டது. அப்படிப்பட்ட பதில்களை எத்தனையோ கட்சிக்காரர்களுக்காக நானே டைப் அடித்திருக்கிறேன். கான்ட்ராக்டர் செத்துப்போயிருந்தார். கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கேயே இருந்தார்கள், சாட்சி சொல்லப் பயந்தார்கள்.

அப்போதுதான் மறியல் வழக்குக் கட்டு ஞாபகம் வந்தது. ஆபீஸ் பரணில் மூன்று நாள் தேடி எடுத்தேன். உள்ளே மேனேஜர் கடிதத்தின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது, முத்திரை தப்பியிருந்தது.

அண்ணனிடம் காட்டினேன். "கேஸுல மாட்டுனதால ஒரு பேப்பர் கெடச்சுது. மாட்டாதவனுக்கு இன்னா இருக்குது?" என்றார்.

பீடி குடித்ததால் வந்த நோய் என்றது கம்பெனித் தரப்பு. அண்ணன் பீடி தொட்டதில்லை. மருத்துவக் குழு முன்னால் போ என்றார்கள். மூச்சு விட முடியாத மனிதரைப் பஸ் மாற்றி மாற்றிக் கூட்டிப்போனோம். மூன்று வருஷம் இழுத்துத் தீர்ப்பு சாதகமாக வந்தபோது அவர் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வாரிசு என்று அண்ணி கையெழுத்துப் போட்டார். ஜெயித்துவிட்டோம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த வருஷம் அண்ணிக்கு விலாவில் வலி எடுத்தது, படுத்தால் மூச்சு முட்டியது. அதே டாக்டரம்மாவிடம் போனோம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. சதை எடுத்துச் சோதித்து, புற்றுநோய் என்றார்.

"நீங்களும் அந்தக் கம்பெனியில இருந்தீங்களா?"

"இல்லீங்க. வாரத்துக்கு ஒருக்கா துணி கொண்டாருவாரு. நான்தான் ஒதறித் தோய்ப்பேன். வெள்ளையாப் பறக்கும்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

வக்கீலிடம் ஓடினேன். "சட்டம் தொழிலாளிக்குத்தாம்மா. இவங்க தொழிலாளி இல்லையே. சிவில் கோர்ட்ல போடலாம். தூசி எங்கேருந்து வந்துச்சுன்னு நிரூபிக்கணும், வருஷக்கணக்கா ஆவும்" என்றார். பதினான்கு வருஷம் சம்பளமில்லாமல் அந்தக் கம்பெனியின் தூசியை உதறியவர் யாருடைய தொழிலாளி என்று கேட்டேன்.

ஆனாலும் வழக்குப் போட்டோம். கோர்ட்டில் வழக்கு எண் கொடுக்காமல், குறை சொல்லி இரண்டு முறை திருப்பினார்கள். மூன்றாவது முறை திருத்தி அடிப்பதற்குள் அண்ணி போய்விட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, வழக்கு அதோடு நின்றது.

கடைசியாகப் பார்த்தபோது டாக்டரம்மா என்னிடம், "எல்லாரும் ஒரே வீட்லதானே இருந்தீங்க? நீங்களும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடுங்க" என்றார். சரிங்க என்றேன். இன்னும் எடுக்கவில்லை.