கதவில் நிற்கும் ஏழு வரிகள்

அப்பாவின் ஓராண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் லயத்து அக்கம்பக்கத்தாருக்கும் மகனின் வணக்கம். இந்தக் கட்டுரை பதினாறாம் நாளுக்கே வந்திருக்க வேண்டியது. என்னைத் தெரிந்தவர்கள் ஆச்சரியப்பட மாட்டீர்கள்.

அப்பா சின்னக்கானல் எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான இந்த லயத்தில் பிறந்தார். தாத்தா சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையேறியவர். அப்பா எட்டாம் வகுப்போடு தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை கொழுந்து புளிக்கும் அறையிலேயே நின்றார். அரைத்த கொழுந்தைப் பரப்பிய நேரத்தையும் அள்ள வேண்டிய நேரத்தையும் சாக்பீஸால் பலகையில் எழுதுவார். நேரம் தவறினால் தூள் கெட்டுவிடும். அவர் கையில் ஒரு நாளும் கெட்டதில்லை.

அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். செய்ய மனமில்லாத வேலையை வாசல் கதவில் எழுத வேண்டும். பக்கத்தில் தொடங்கும் நேரம், முடிக்கும் நேரம். அரை மணிக்கு மேல் கூடாது. முடித்தால் அழிக்கலாம். முடிக்காவிட்டால் அழிக்காமல் கீழே புது நேரம் எழுத வேண்டும். நான் எதையும் நாளைக்குத் தள்ளுகிறவன். பத்தாம் வகுப்பில் "கணக்கு, ஐந்து முதல் ஐந்தரை" என்ற வரி ஒன்பது அடுக்காக நின்றது. தண்ணீர் பிடிக்கப் போன பெண்கள் படித்துச் சிரித்தார்கள். அழித்துவிடச் சொல்லி அம்மா கெஞ்சினார்.

"செஞ்சவன் அழிக்கட்டும். இல்லன்னா ஊரு படிக்கட்டும்" என்றார் அப்பா.

அந்த வெட்கத்தில்தான் உட்கார்ந்து படித்துத் தேறினேன். முறை நல்ல முறைதான். நீங்களும் செய்து பாருங்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்காக அவரை நான் மன்னிக்கவே இல்லை.

சென்ற ஆண்டு அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் தேனிக்குப் போய்க் காட்டச் சொன்னார். அப்பா தாமே கதவில் எழுதினார்: "தேனி ஆஸ்பத்திரி, மகனோடு, காலை ஆறு." சுற்றுலா சீசன் நேரம், நான் ஓட்டும் ஜீப்புக்குச் சவாரி இருக்கிறது என்றேன். அடுத்த வாரம் கீழே புது நேரம் எழுதினார். பஸ்ஸில் கூட்டிப்போகிறேன் என்ற அம்மாவிடம், "மகனோடுன்னுதான் எழுதியிருக்கு" என்று மறுத்துவிட்டார். ஏழு முறை எழுதினார். அதில் மூன்று நாள் ஜீப் சும்மாதான் நின்றது. நிற்க முடியாமல் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுவதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. ஊர் படிக்கட்டும் என்று நினைத்தேன்.

ஏழாவது நேரத்துக்கு முந்தின நாள் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஜீப்பில் படுக்கவைத்துக் கிளம்பினோம். போடிமெட்டு மலைப்பாதையில் இறங்கும்போது, "மணி என்னலே?" என்று கேட்டார். சொன்னேன். தேனி வருவதற்குள் போய்விட்டார்.

அன்று கூட வந்தவர்களுக்கும், பாடை கட்டியவர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட சித்திக்கும் நன்றி. உடலை வெளியே எடுக்கும்போது கதவைப் படித்துவிட்டும் என்னிடம் ஒன்றும் கேட்காதவர்களுக்கு நன்றி. அத்தை மட்டும் கேட்டார்.

"எங்கண்ணன் ஏழு தடவ எழுதியிருக்காகளே, ஒனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதாய்யா?"

அவருக்கும் நன்றி.

இந்தக் கட்டுரையையும் கதவில் நேரம் எழுதிவைத்துத்தான் முடித்தேன். என் வரியை அழித்துவிட்டேன். அப்பாவின் ஏழும் அப்படியே நிற்கின்றன. கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து அம்மா இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். எஸ்டேட் வீட்டை ஒப்படைக்குமுன் கதவுக்குப் பெயிண்ட் அடித்துத் தர வேண்டும் என்கிறார்கள் எஸ்டேட் ஆபீசில். பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த வேலைக்கு மட்டும் இன்னும் நேரம் எழுதவில்லை.