மாமா சொல்லி நான் எழுதாத வரி

எழுதத் தெரியாத ஒருவருக்காக மற்றொருவர் எழுதும்போது, அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். சரியென்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுதும் இந்த விதியை நான் ஒருநாளும் தளர்த்தியதில்லை. அதற்காகப் பல பத்திர எழுத்தர்கள் என்னைச் சபித்திருக்கிறார்கள். ஒன்பது வயதிலேயே இதை நான் மீறியிருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நாங்கள் அப்போது பேட்டையில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் சாப்பிட்டார். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் எழுத்தோடு உறவு கிடையாது. லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, அந்த வருடம் இரண்டு லாரிக்கு முதலாளியாகியிருந்தார். எங்கள் தெருக்கோடியில் தளம் போட்ட வீடு ஒன்றும் கட்டியிருந்தார். அதில் யாரும் குடியேறவில்லை. யாருக்காகக் கட்டினார் என்பது தெருவுக்கே தெரியும்.

அவருடைய தாய்மாமன் சாத்தான்குளத்தில் இருந்தார். எனக்குத் தாத்தா முறை. அந்தத் தாத்தாவின் மகளைத்தான் மாமா கட்டிக்கொள்ள நினைத்தார். முறைப்படி கேட்க உரிமையும் உண்டு. ஏழு வருடத்துக்கு முன் கோயில் கொடைத் திருவிழாவன்று, பந்தியில் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அம்மா இதைப்பற்றிப் பேச்செடுத்திருக்கிறாள். தாத்தா இலையைவிட்டுத் தலை நிமிராமலே பதில் சொன்னாராம்: “கிளீனர் பயலுக்குப் பொண்ணக் குடுத்தா, அவ லாரிக்கு அடியிலயா குடித்தனம் பண்ணுவா?”

பந்தி சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை என்று மாமா சொல்வார். அவள் சிரிக்காததை முதலாகப் போட்டுத்தான் அவர் இரண்டு லாரியும் ஒரு வீடும் சம்பாதித்தார். இன்றைக்கு எந்த வங்கியும் அந்த ஈட்டின்பேரில் கடன் கொடுக்காது.

நேரில் போய்க் கேட்கும்படி அம்மா சொல்லிப் பார்த்தாள். மாமா கேட்கவில்லை. “நேர்ல போனா வாசல்லயே நிறுத்திருவாரு. கடுதாசின்னா உள்ள போவும்லா” என்றார். அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு எழுத வராது. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதுவதில் முதல் மதிப்பெண் வாங்கிய ஆள் வீட்டில் இருந்தது.

“ஏட்டி மருமவளே, நான் சொல்லுதத எழுதுதியா? முத்து முத்தா இருக்கணும். முடிச்சிட்டா லாரில முன் சீட்டுல ஒக்கார வச்சுத் திருச்செந்தூர் கூட்டிட்டுப் போறேன்.”

ஒரு நீல நிற இன்லண்ட் தாளை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆசிரியர் கற்பித்த முறைப்படி அனுப்புநர், பெறுநர் எழுதி, ‘பொருள்: திருமணம் கோருதல்’ என்று அடிக்கோடிட்டேன். மாமா நடந்துகொண்டே சொன்னார். உட்கார்ந்து பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. லாரி இரண்டு. வீட்டுக்குத் தேக்கு நிலை. தண்ணீர் இறைக்க மோட்டார். மாடிக்குப் படி கட்டியாயிற்று, மாடிதான் பாக்கி. வரிசை எண் போட்டு எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் சரி பார்ப்பதுபோல் தலையாட்டினார்.

கடைசியில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அதுவரை இல்லாத குரலில், “அவளுக்கு என் நெனப்பு உண்டுமான்னு அவகிட்டயே கேட்டு எழுதணும்னு போடு” என்றார்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. அதைவிடப் பெரிய தடை, மாதிரிக் கடிதத்தில் அப்படி ஒரு வரிக்கு இடமே இல்லை. ‘தங்கள் கீழ்ப்படிந்துள்ள’ என்று அதற்குள் நான் எழுதி முடித்திருந்தேன். அதற்குக் கீழே எதையாவது எழுதினால் ஆசிரியர் இரண்டு மதிப்பெண் குறைப்பார். “எழுதிட்டியாட்டி?” என்றார். எழுதிவிட்டேன் என்றேன். அவர் நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

பதில் வரவில்லை. மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தபால்காரரைத் தெருமுனையிலேயே மறித்துக் கேட்டார். அவரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே, ஒன்றும் இல்லை என்று கையை விரித்துவிட்டுப் போனார். மாமா தெருக்கோடி வீட்டில் பச்சை அடித்த கதவுக்கு நீலம் அடிக்கச் சொன்னார். நீலம் காய்வதற்குள் பச்சையே தேவலை என்றார். முன்பக்கம் கட்டிய மாடிப்படியை இடித்துப் பின்பக்கம் கட்டினார். கொத்தனார் அம்மாவிடம் வந்து முறையிட்டார். “ஏலே, அந்த வீட்ட ஒரு நாளாவது சும்மா நிக்க விடுலே” என்று அம்மா சத்தம் போட்டாள். லாரி லோடு இறங்கியதும் நேரே வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே என்னைப் பார்ப்பார். வரவில்லை என்று நான் தலையாட்டுவேன். திரும்பிப் போய்விடுவார்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். தாத்தா சம்மதம் தெரிவித்திருந்தார். அம்மா உடனே அடுப்பில் பாயசத்துக்குப் பால் வைத்தாள். சம்மதத்துக்குப் பிறகு கேள்விகள் வந்தன. மனை யார் பேரில் இருக்கிறது? இரண்டு லாரியில் எதை நீயே ஓட்டுகிறாய், ராத்திரி ஓட்டம் உண்டா? கிணறு அடுக்களையை ஒட்டியா, சுற்றிக்கொண்டு போக வேண்டுமா? கொல்லைப்புறத்தில் விளக்கு உண்டா?

“வேற?” என்றார் மாமா.

“அவ்வளவுதான்.”

தாளை என் கையிலிருந்து வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாதவர் பார்க்கும் பார்வைதான், ஆனால் வெகுநேரம் பார்த்தார். “நான் கேட்டதுக்கு ஒண்ணுமே சொல்லலியே” என்றார்.

ஏன் சொல்லவில்லை என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லியிருக்கலாம். திருச்செந்தூர் போய் வரும்வரை பொறுக்கலாம் என்று நினைத்தேன். முன் சீட்டு பறிபோய்விடுமே என்ற பயம். மேலும், எனக்கு விஷயமே விளங்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. அப்புறம் இவருக்கு என்ன குறை?

“பொண்ண எனக்குத் தரலட்டி” என்றார். “வீட்டுக்குத் தாராரு. தரகன் மாதிரில்லா கிணறு எங்கன இருக்குன்னு கேக்காரு.”

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார். பால் பொங்கி வழிந்தது. அம்மா இரண்டு நாள் கெஞ்சினாள், மூன்றாம் நாள் திட்டினாள். மாமா அந்தக் கடிதத்துக்குப் பதில் போடவே இல்லை. மறுவாரம் லாரியை எடுத்துக்கொண்டு வடக்கே போனார். அந்தப் பெண்ணைத் திருச்செந்தூரில் ஒரு கடைக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாமாவும் பின்னால் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு லாரி எட்டு லாரியானது. தெருக்கோடி வீட்டை வாடகைக்கு விட்டார். அதில் ஒரு ராத்திரிகூட அவர் படுத்ததில்லை. அதை விற்றபோது பத்திரத்தை நானே எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினேன். “சரிட்டி, சரிட்டி” என்று சிரித்தார். அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

மாமா போன வருடம் இறந்தார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகு, திருச்செந்தூரில் இருக்கும் அந்த அம்மாளுக்கு, எனக்கு அத்தை முறை, நடந்ததை எழுதி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். மாமா சொன்ன வரியை அவர் சொன்னபடியே எழுதினேன். ஒப்புகை அட்டை ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. பதில் வரவில்லை. நாலு மாதம் ஆயிற்று. இப்போது தபால்காரரை நான் மறிக்க ஆரம்பித்திருந்தேன்.

பிறகு ஒரு அஞ்சலட்டை வந்தது. பேச்சுவழக்கிலேயே எழுதியிருந்தாள்:

“அப்பாவுக்குக் கை நடுக்கம். அந்தப் பதிலை எழுதினவ நான்தான். சம்மதம்னு அவரு சொன்னாரு. கீழ கேட்டதெல்லாம் நான் கேட்டது. வர மனசில்லாதவ கிணறு எங்கன இருக்குன்னு எதுக்குட்டி கேக்கா? ராத்திரி ஓட்டம் உண்டான்னு எதுக்குக் கேக்கா?”

வேறு ஒன்றும் இல்லை. வலது மூலையில் தேதி மட்டும் போட்டிருந்தாள்.